ஒரே பிளாஸ்டிக், ஏன் இரண்டு விதம்?

கேள்வி: மகளின் டிபன் டப்பா மூடி மெல்லிய மடிப்பில்தான் டப்பாவோடு ஒட்டி நிற்கிறது. மூன்று வருடமாகத் தினமும் திறக்கிறோம், உடையவில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 5. மொட்டைமாடியில் புதினா வளர்த்த பிளாஸ்டிக் அரிசிச் சாக்கோ ஒரே கோடையில் பொடிந்து மண்ணோடு கலந்துவிட்டது. மனசு கேட்கவில்லை.

பதில்: இரண்டும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்தான். 5 அதன் குறியீடு. மடிக்கும்போது நீண்ட மூலக்கூறுகள் மடிப்புக்குக் குறுக்கே வரிசையாகிவிடும், அதனால் விட்டுப்போகாது. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தச் சங்கிலிகளை அறுக்கும். சாக்கு இழை மெல்லியது, சீக்கிரம் போகும்.

மற்றொரு பதில்: இந்தப் பிளாஸ்டிக்கின் உருகுநிலை சுமார் 160 டிகிரி செல்சியஸ். டப்பா சூடான சாம்பார் தாங்கும். தாளித்த எண்ணெயை மட்டும் நேராக ஊற்றாதீர்கள்.

கேட்டவர்: சரி. புதினாவை மண்தொட்டிக்கு மாற்றுகிறேன். அப்புறம், பொடி கலந்த மண்ணை எப்படிச் சலிப்பது?