வலி நின்ற பிறகும் எலும்பு அரித்தது, உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா?

தறிக்கால்:
முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) வந்து ஆறு வருடம். காலையில் விரல் மடங்காது, சீப்பு பிடிக்க வராது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். எகிறும், அதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது போன மாதம் நடந்தது. நோயை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று நானாகவே நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. தினம் ஒரு வலி மாத்திரை போட்டால் வலி தெரியவில்லை, தறி வேலையும் ஓடியது, சரி குணமாகிவிட்டது என்றே நினைத்தேன். டாக்டர் கை எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையை நடுவிரல் கணுவின் ஓரத்தில் வைத்தார். பிஸ்கட் ஓரத்தை எறும்பு அரித்த மாதிரி சின்னதாக ஒரு குழி. பழைய படத்தையும் பக்கத்தில் வைத்தார், அதில் அந்த இடம் வழவழவென்று முழுசாக இருந்தது. “இது அப்போது இல்லைம்மா” என்றார், அவ்வளவுதான். வலிக்காமலே எப்படி எலும்பு போகும்? அன்றிலிருந்து இதே நினைப்புதான்.

மார்கழிப்பனி:
எனக்கு நடந்தது நேர்மாறு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசி போட்டு எட்டு மாதம் ஆகியும் மணிக்கட்டு வீக்கம் முழுசாக வடியவில்லை. ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் அந்த ஊசி டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் இவ்வளவு காசு வீணாகப் போகிறதே என்று வயிறு எரியும். நிறுத்தப் போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் ஒரு புதுக் குழிகூட இல்லை. வீக்கம் பாதிதான் குறைந்தாலும் இந்த ஊசி சிலருக்கு எலும்பைக் காப்பாற்றிவிடும் என்று டாக்டர் விளக்கினார். லண்டன் சாரிங் கிராஸ் மருத்துவமனையில் மாய்னி, ஃபெல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் 1992-இல் முதன்முதலாக நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்த மருந்து வகை இது. அதனால் அக்கா, வலியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

லேப்_வெள்ளை:
நான் நோயாளி இல்லை, அம்மாவுக்கு இருக்கிறது. எம்.எஸ்ஸி. பிராஜெக்டில் எலி மஜ்ஜை செல்களை வளர்த்தேன். எம்.சி.எஸ்.எஃப். என்ற வளர்ச்சிப் புரதம் மட்டும் போட்ட கிண்ணத்தில் செல்கள் தனித்தனியாகவே கிடந்தன. அதோடு ராங்க்-எல் என்ற புரதத்தையும் சேர்த்த கிண்ணத்தில் ஐந்தாறு நாளில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கலந்து, ஒரே செல்லுக்குள் பத்துப் பதினைந்து உட்கருக்களோடு பெரிய பெரிய செல்களாகிவிட்டன. சாயம் போட்டதும் நாவல்பழக்கறை நிறத்தில் தெரிந்தன. அதுதான் ஆஸ்டியோகிளாஸ்ட், எலும்பைத் தின்னும் செல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கோணிய சுண்டுவிரல் ஞாபகம் வந்து எழுந்து வெளியே போய்விட்டேன்.

அக்கா கேட்டதற்கு வருகிறேன். வலி மாத்திரை வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைக்கும், வலியும் வீக்கமும் தணியும். ஆனால் மூட்டின் உள்சவ்வில் டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6, 17 என்ற அழற்சிப் புரதங்கள் எல்லாம் சுரந்துகொண்டே இருக்கும். அவை தூண்டிவிட, சவ்வின் செல்களும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களும் ராங்க்-எல்லை வெளியே நீட்டும். ரத்தத்தில் வரும் மோனோசைட் என்ற வெள்ளணு வகைச் செல்லின் மேல் அது போய் ஒட்டினால் உள்ளே என்.எஃப்.கப்பா-பி, அப்புறம் என்.எஃப்.ஏ.டி.சி.1 என்று மரபணுக்களை முடுக்கும் புரதங்கள் ஒவ்வொன்றாக விழித்து, அந்தச் செல் ஆஸ்டியோகிளாஸ்டாக மாறும். அது எலும்போடு அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டி, அடியில் அமிலம் விட்டுக் கால்சியத்தைக் கரைக்கும், கேதெப்சின்-கே நொதியால் மிச்சமிருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை அறுக்கும். போதாததற்கு டி.கே.கே.1 என்ற இன்னொரு புரதத்தையும் டி.என்.எஃப். கூட்டிவிடுகிறது, எலும்பு கட்டும் செல்களை அது அடக்கிவிடும். அரித்த இடம் நிரம்பாமல் குழியாகவே நிற்பது அதனால்தான்.

வேப்பமரத்தடி:
மார்கழிப்பனி சொல்வதை அப்படியே ஏற்க மாட்டேன். வலி இருந்தாலும் பரவாயில்லை என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். வீக்கம் மிச்சம் இருந்தால் டாக்டரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். என் கதை சின்னது: ஊசி தொடங்கும் முன் செய்த பரிசோதனையில் உள்ளே உறங்கும் காசநோய் இருப்பது தெரிந்தது, முதலில் அதற்கு மருந்து, பிறகுதான் ஊசி. காசநோய்க் கிருமியைச் சுற்றி உடம்பு கட்டும் வேலி நிற்பதற்கும் டி.என்.எஃப். வேண்டும், அதைத் தடுத்தால் கிருமி வெளியே வந்துவிடும். ஆகவே யாரும் அந்தப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள்.

அக்கா, மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள்தான். தவறிப்போய் தினமும் போட்டு ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு, மாத்திரை அட்டை மேல் கிழமையை எழுதி வையுங்கள். குமட்டலுக்கு ஃபோலிக் ஆசிட் இருக்கிறது, ஊசியாகவும் மாற்றிக் கொடுப்பார்கள், நிறுத்துவதற்கு முன் கேட்டிருக்கலாம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டோஃபாசிடினிப் போன்ற ஜாக் மாத்திரைகள் செல்லுக்குள்ளேயே அழற்சிச் செய்தியை மறிக்கும், நன்றாகவே கேட்கும். ஆனால் மாரடைப்பு, ரத்த உறைவு, புற்றுநோய் பற்றி 2021-இல் கடும் எச்சரிக்கை வந்தது. புகை பிடிப்பவர்களும் வயதானவர்களும் விசாரிக்காமல் தொடங்காதீர்கள். அக்கி வரும் வாய்ப்பும் கூடுதல்.

தறிக்கால்:
சனிக்கிழமை மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டேன், ஃபோலிக் ஆசிடும் கொடுத்திருக்கிறார்கள். லேப் தம்பி, அந்தக் குழி திரும்ப நிரம்புமா?

லேப்_வெள்ளை:
அழற்சி முழுசாக அடங்கினால் சிலருக்கு ஓரம் கொஞ்சம் மூடி வரும் அக்கா, பழையபடி ஆவது அரிது. அம்மாவுக்கு மூடவில்லை. ஆனால் ஐந்து வருடமாக எந்த எக்ஸ்ரேயிலும் புதுக் குழி இல்லை.