தெளிந்த தண்ணீரிலும் ஆர்சனிக்: தாமிர உருக்காலை இ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) அனுபவங்கள்

நீர்த்தொட்டி:
வீக் ஆசிட் சுத்திகரிப்பு, அதாவது உருக்காலை வாயுவைக் கழுவும்போது வரும் ஆர்சனிக் கலந்த நீர்த்த அமிலத்தைச் சுத்தம் செய்வது. சுண்ணாம்புப் பால், ஃபெரிக் சல்ஃபேட், கிளாரிஃபையர் (கசடு படியும் தொட்டி) எல்லாம் வழக்கம்போல ஓடுகின்றன. வெளியேறும் தண்ணீரை பீக்கரில் பிடித்துப் பின்னால் செய்தித்தாளை வைத்தால் பொடி எழுத்துகூடப் படிக்க முடிகிறது. ஆனால் ஆய்வகக் கணக்கில் ஆர்சனிக் லிட்டருக்கு 3 மி.கி.! வரம்பு 0.2. ஃபெரிக்கை இரட்டிப்பாக்கினார்கள்; ஸ்லட்ஜ்தான் (கசடு) கூடியது.

ஆர்சனிக் மூன்று இணைதிறனில் இருந்ததுதான் காரணம். பி.எச். 9-க்குக் கீழே அது மின்சுமை இல்லாமல் நிற்கும், இரும்பு ஹைட்ராக்சைடில் சரியாக ஒட்டாது. ஐந்து இணைதிறனுக்குக் கொண்டுபோக 1 கிலோ ஆர்சனிக்குக் கணக்குப்படி 50% ஹைட்ரஜன் பெராக்சைடு 0.9 கிலோ போதும். அங்கே 2 கிலோ போட்டும் போதவில்லை. அமிலத்தில் கரைந்திருந்த சல்ஃபர் டை ஆக்சைடு பெராக்சைடை முதலில் தின்றுவிட்டது. முன்னால் ஸ்ட்ரிப்பர் (கரைந்த வாயுவை வெளியேற்றும் கோபுரம்) வைத்து, காற்று ஊதி, அந்த வாயுவை ஆசிட் பிளான்ட் (அதைக் கந்தக அமிலமாக்கும் பிரிவு) லைனுக்கே திருப்பிய பிறகுதான் 0.1-க்குக் கீழே இறங்கியது.

சுண்ணாம்புக்கல்:
ஸ்ட்ரிப்பர் சரிதான் சார். ஆனால் எல்லா இடத்திலும் அதுவே காரணம் என்று பெராக்சைடுக்குச் செலவழிக்க வேண்டாம். வேறொரு ஆலையில் பேனலில் பி.எச். 5.2, இரண்டு நாளாக அசையவே இல்லை. அசையாத பி.எச்.தான் முதல் சந்தேகம். ப்ரோபை (பி.எச். அளக்கும் முனை) கழற்றினால் கண்ணாடிக் குமிழே தெரியவில்லை. வெள்ளையாக ஜிப்சம் (கால்சியம் சல்ஃபேட்) மூடியிருந்தது. கையடக்க மீட்டரில் அதே தொட்டி 3.1. சுண்ணாம்பு போதாமலேயே ஓடியிருக்கிறது.

ஷிஃப்டுக்கு ஒருமுறை கையடக்க மீட்டரோடு ஒப்பிட வேண்டும். வெறும் கார்பனேட் படிவு என்றால் 5% ஹைட்ரோகுளோரிக் போதும், ஜிப்சத்துக்கு ஈ.டி.டி.ஏ. (கால்சியத்தைப் பிடித்துக் கரைக்கும் வேதிப்பொருள்) கரைசலில் ஊறவைக்க வேண்டும். பிறகு பி.எச். 4, 7 பஃபர் (பி.எச். தெரிந்த கரைசல்) இரண்டிலும் சரிபார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஒன்று கழுவலில் இருக்கும்போது மற்றது ஓட, இரண்டு ப்ரோப் அவசியம். கிளாரிஃபையர் அடியிலிருந்து கொஞ்சம் ஜிப்சம் ஸ்லட்ஜை ரியாக்டருக்கே திருப்பினால், புதிய ஜிப்சம் அந்தப் படிகங்கள் மீது வளரும்; குழாயிலும் ப்ரோபிலும் படிவது குறையும்.

கசடுமேடு:
தண்ணீர் 0.2-க்குள் வந்ததும் இரண்டு பேருமே நிறுத்திவிட்டீர்கள். எடுத்த ஆர்சனிக் எங்கே போனது?

சுண்ணாம்பை மட்டும் நம்பி, பி.எச். 12-ல் கால்சியம் ஆர்சனேட்டாகப் படியவைத்த ஆலை ஒன்று. அன்றைக்குத் தண்ணீர் நன்றாகவே இருந்தது. சில மழைக்காலம் கழித்து கசடு புதைத்த நிலநிரப்பின் லீச்சேட் (கசிந்து வரும் நீர்) குழியில் ஆர்சனிக் ஏறிக்கொண்டே வந்தது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அந்த உப்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றி ஆர்சனிக்கை விடுவித்துவிடும். அதனால்தான் இரும்பைக் குறைக்கக் கூடாது என்கிறேன். இரும்புக்கும் ஆர்சனிக்குக்கும் மோல் விகிதம் 4-க்கு 1, அதாவது 1 கிலோ ஆர்சனிக்குச் சுமார் 3 கிலோ இரும்பு. அந்த ஸ்லட்ஜோடு கேன்டீன் கழிவு, மரத்தூள் எதையும் சேர்த்துப் புதைக்கக் கூடாது. அவை அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து இரும்பு கரையும், கூடவே ஆர்சனிக்கும் வெளியே வரும்.

கனடாவின் ஜயன்ட் தங்கச் சுரங்கத்தில் தாதுவை வறுத்ததில் சேர்ந்த ஆர்சனிக் டிரை ஆக்சைடு தூசு 2,37,000 டன் நிலத்தடியில் கிடக்கிறது. இன்று சுற்றியுள்ள பாறையை உறையவைத்து அதை அடக்கிவைக்கும் வேலை நடக்கிறது.

நீர்த்தொட்டி:
லீச்சேட் இ.டி.பி. இன்லெட்டுக்கே திரும்ப வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அந்த அளவைத் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் ஏறுவதே தெரியாது.

வினையூக்கி:
புகைபோக்கி பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பராமரிப்பு முடிந்து ஆசிட் பிளான்ட்டைத் திறந்த அன்று புகை சுற்றுச்சுவரைத் தாண்டி இறங்கியது. வினையூக்கிப் படுக்கை ஆறிக் கிடந்ததுதான் காரணம்.

சல்ஃபர் டை ஆக்சைடை டிரை ஆக்சைடாக மாற்றும் வனேடியம் வினையூக்கி சுமார் 400 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக வேலை செய்யாது. பர்னரால் சுடுகாற்று அனுப்பி, முதல் படுக்கை 420-ஐ எட்டிய பிறகே உருக்காலை வாயுவைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் மாறாத சல்ஃபர் டை ஆக்சைடு நேரே வெளியேறும். அப்சார்பர் (டிரை ஆக்சைடை உறிஞ்சும் கோபுரம்) அமிலம் 98.5 சதவீதத்திலேயே நிற்க வேண்டும். நன்றாகக் கீழே போனால் நீராவி சேர்ந்து அமிலப் பனி. மேலே போனால் சல்ஃபர் டிரை ஆக்சைடு உறிஞ்சப்படாமல் தப்பும். இரண்டுமே வெளியே வெள்ளையாகத்தான் தெரியும், அதனால் முதலில் செறிவைப் பாருங்கள். தொடக்கத்துக்கு முன்பே காஸ்டிக் ஸ்க்ரப்பர் (வெளியேறும் வாயுவைக் காஸ்டிக் கரைசலால் கழுவும் கோபுரம்) பம்புகள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நீர்த்தொட்டி:
அந்த ஸ்க்ரப்பர் ப்ளீட் (அதிலிருந்து வெளியேற்றும் கழிவு நீர்) எங்கே போகிறது சார்? அதில் சல்ஃபைட் இருக்கும். அப்படியே இ.டி.பி.க்கு வந்தால் மறுபடியும் பெராக்சைடைத் தின்னும். தனித் தொட்டியில் காற்று ஊதி சல்ஃபேட்டாக மாற்றிய பிறகு அனுப்புங்கள்.