கலெக்டர் கடிதம் கிடைத்தது, அதோடு அனுப்பிய அர்ஜி (மனு) எங்கே?

பொருநை:
1831-இல் திருநெல்வேலி கலெக்டர் வருவாய் வாரியத்துக்கு (சென்னை மாகாண வரி நிர்வாகத்தின் தலைமை அமைப்பு) எழுதிய கடிதம் ஒன்று, எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் மாவட்டப் பதிவுகளில் கிடைத்தது. குடிகளின் அர்ஜியை இணைத்திருப்பதாகச் சொல்கிறது. ஆனால் தொகுதியில் அர்ஜி இல்லை. எங்கே தேடலாம்? கடிதத்தில் வரும் பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு) 1240-ஐ எந்த ஆண்டாகக் கொள்வது?

ஏட்டுக்கட்டு:
உங்களிடம் இருப்பது கலெக்டர் கச்சேரியில் (அலுவலகத்தில்) வைத்துக்கொண்ட நகல். குமாஸ்தாக்கள் பெரும்பாலும் கடிதத்தை மட்டும் படியெடுத்துவிட்டு, இணைப்பை மூலத்தோடு சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள். எனவே அதே காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைத் தொகுதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான்: அங்கே கடிதங்கள் எழுதிய தேதிப்படி இருக்காது, வாரியம் அவற்றை எடுத்துக்கொண்ட நாளின்படி இருக்கும். கடிதத் தேதியில் தொடங்கிச் சில மாதங்கள் முன்னோக்கித் தேடுங்கள். கிடைத்ததும் அதற்கடுத்து வரும் வாரிய உத்தரவையும் சேர்த்துப் படியெடுங்கள். கலெக்டர் கேட்டது ஒன்று, வாரியம் அனுமதித்தது வேறொன்று என்பது மிகச் சாதாரணம். அர்ஜி பெரும்பாலும் ஆங்கில வடிவில்தான் இருக்கும். அதைக் குடிகள் சொன்ன சொற்களாகவே மேற்கோள் காட்டாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1240 என்றால் 1830 ஜூலை முதல் 1831 ஜூலை வரை. சென்னை மாகாணத்தில் அப்போது ஜூலை 12-இல் பிறந்தது. 1855-இல்தான் ஜூலை 1-க்கு மாற்றினார்கள். அடிக்குறிப்பில் வெறுமனே 1830 என்று போட்டால், 1831 தை, மாசி அறுவடை ஓராண்டு பின்னுக்குப் போய்விடும். 1830–31 என்றே எழுதுங்கள்.

பழைய தொகைகளோடு ஒப்பிடுவதானால் நாணயத்தையும் பாருங்கள். 1818-க்கு முந்தைய கணக்குகள் நட்சத்திரப் பகோடா என்ற பொன் நாணயத்தில் இருக்கும். 1 பகோடாவுக்கு மூன்றரை ரூபாய். இதைக் கவனிக்காமல் வரி மூன்று மடங்கு ஏறியது என்று எழுதிவிடுகிறார்கள்.

தாமிரவாசி:
விவகாரம் லண்டனில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தலைமை வரை போயிருந்தால், பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் எஃப்/4 வரிசையைப் பாருங்கள். ஒரு பொருளைப் பற்றிய தாள்கள் அங்கே ஒரே கட்டாகக் கிடைக்கும். ஆனால் அவை நகலுக்கு நகல். ஊர்ப்பெயரும் எண்களும் சிதைந்திருக்கலாம் என்பதால் எழும்பூர்த் தொகுதியோடு ஒத்துப் பாருங்கள்.

பாளையங்கோட்டைப் பக்கத்து ஊர் என்றால் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரிகளின் கடிதங்களும் உதவும். அவை பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. மிஷன் இதழ்களில் அச்சானவை சுருக்கித் திருத்தியவை. வரித் தகராறு, சாதிச் சண்டை போன்ற பகுதிகளுக்குக் கையெழுத்து மூலத்தையே பாருங்கள்.