யாழ்ப்பாணம் கொக்குவில் ஆட்டைத் திவசம்: வான் குழு

செவ்வாய், இரவு 7.42

சுகந்தி: வியாழன் இரவு 9 மணிக்குக் கொக்குவிலுக்கு வான் புறப்படுவதை மாற்ற முடியாதா? அன்றைக்கு 8 மணிக்குத்தான் பல் வைத்தியர் ரவிக்கு நேரம் தந்திருக்கிறார். கொழும்புக்குப் பக்கத்தில், தெகிவளையில். நித்திரையில் பல்லோடு பல் நெருமித் தேயாமல் போடுகிற உறை, நைட் கார்ட், அன்றுதான் கைக்கு வரும். போட்டுப் பார்த்து, இடிக்கிற இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து தருவார்களாம்.

சிவா: பல்லுக்காக வானைப் பிந்தச் சொல்கிறாயா?

கனகா மாமி: ரவி சின்ன வயதிலேயே நித்திரையில் பல்லை நெருமுவான். பூச்சி. மருந்து கொடுக்கச் சொன்னேன். அக்கா கேட்கவில்லை.

சுகந்தி: மாமி, அவருக்கு 46 வயது.

கனகா மாமி: பூச்சிக்கு வயது தெரியுமா

சிவா: மாமி, அம்மாவின் திவசக் குழுவில் அம்மாவையே குறை சொல்லாதீர்கள்.

தர்ஷினி: ஆச்சி, பூச்சியால்தான் என்று யாரும் உறுதியாகக் காட்டவில்லை. பிள்ளைகள் நெருமுவது அனேகமாக நிலைப்பல் முளைத்து முடியத் தானாக நின்றுவிடும். பெரியவர்களுக்கு அப்படித் தானாக நிற்கும் என்றில்லை. மனஅழுத்தம், நித்திரைக் குழப்பம், சிகரெட், சாராயம், பிந்திக் குடிக்கிற கோப்பி எல்லாம் சேரும். சித்தப்பாவுக்கு விடிய எழும்பும்போது நெற்றிப்பொட்டு வலிக்கிறதா? தாடை இறுகி இருக்கிறதா? தாடைத் தசை இரவில் ஓயாமல் வேலை செய்திருக்கும். பல்லின் மேலோடான எனாமல் ஒருமுறை தேய்ந்தால் திரும்ப வளராது. கார்ட் போட்டாலும் நெருமுவது நிற்கும் என்றில்லை. பல்லுக்குப் பதிலாக கார்ட் தேயும், அவ்வளவுதான். அதற்காகத்தான் போடுவது.

வதனி: முழுவதும் வாசித்தேன் 🙏

கீர்த்தி: நான் வாசிக்கவில்லை

மாலா: தர்சி, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உனக்கு நாளைக்குப் பரீட்சை இல்லையா?

சிவா: என் மகள் 👏

கீர்த்தி: முக்கியமான விஷயம். கொக்குவிலில் நான் சித்தப்பாவின் அறையில் படுக்க மாட்டேன். போனமுறை விடிய விடியக் கிணற்றுக் கப்பி உருளுகிற மாதிரிச் சத்தம்.

ரவி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

கீர்த்தி: தெரியும் சித்தப்பா

ரவி: பின் கடைவாய்ப்பல்லில் வெடிப்பு விழுந்திருக்கிறது. முறுக்குக் கடித்ததால் என்று நினைத்தேன். வைத்தியர் பல்லைப் பார்த்துவிட்டு, மேல்பக்கம் எல்லாம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது, இது பல வருட வேலை என்றார்.

கனகா மாமி: யார் வீட்டு முறுக்கு?

வதனி: எவ்வளவு காசு கேட்டார்கள்?

சுகந்தி: இங்கே போட மாட்டேன். மாமி மயங்கிவிடுவா.

மோகன்: இங்கே ரொறொன்ரோவில் பாமசியிலேயே விற்கிறார்கள். சுடுநீரில் போட்டு எடுத்து வாயில் வைத்துக் கடித்தால் பல் அச்சு விழும். கால்வாசிக் காசும் வராது. வைத்தியர்மார் சும்மா பணம் பறிப்பார்கள்.

வதனி: திவசத்துக்கு வராதவர் ஆலோசனை மட்டும் அனுப்புகிறார்.

தர்ஷினி: மோகன் சித்தப்பா, அது மெத்தென்ற பிளாஸ்டிக். கொஞ்ச நாளைக்குச் சமாளிக்கலாம். பலமாக நெருமுகிறவர்கள் அதைச் சீக்கிரம் கடித்துத் துளைத்துவிடுவார்கள். மெத்தென்று இருப்பதால் சிலர் சப்புவதுபோல இன்னும் கூடக் கடிப்பார்களாம். ரவி சித்தப்பாவுக்குச் செய்வது கெட்டி அக்ரிலிக்காக இருக்கும். பல் அச்சு எடுத்து, மாதிரி வார்த்து, லாப்பில் செய்து வர நாள் எடுக்கும். போட்டதும் எல்லாப் பல்லும் ஒரே நேரத்தில் அதில் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் தாடை வலி கூடும். அதனால்தான் வைத்தியர் முன்னால் போட்டுப் பார்ப்பது. இன்னொன்று, சில மனச்சோர்வு மருந்துகளாலும் நெருமுவது வரும். சித்தப்பா அப்படி ஏதாவது

சுகந்தி: தர்சி, அதைத் தனியாக எழுது.

தர்ஷினி: சரி சித்தி

மோகன்: மனஅழுத்தம் என்றால் எனக்குக் காரணம் தெரியும். அந்தக் காணி உறுதிப் பத்திர அலுவலை முடித்தால் எல்லோருக்கும் நல்ல நித்திரை வரும்.

சிவா: அதை இங்கே கதைக்க வேண்டாம்.

வதனி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மோகன்: நான் வாசித்துவிட்டேன் வதனி.

வதனி: வாசிக்கத்தான் போட்டேன்.

மாலா: வழியில் முறிகண்டிப் பிள்ளையாருக்கு உடைக்கத் தேங்காய் யார் வாங்குவது? இங்கேயே வாங்கினால் நல்லது.

கனகா மாமி: வெள்ளவத்தைச் சந்தையில் வாங்காதே. நான் பார்த்து வாங்குகிறேன்.

வதனி: தர்சி, உன் மாமா நெருமுவதில்லை, குறட்டைதான். நடுவில் மூச்சு நின்று திணறி எழும்புவார். அவருக்கும் இந்தக் கார்ட் சரிவருமா?

தர்ஷினி: மாமி, அது வேறு. மூச்சு நிற்கிறது என்றால் முதலில் வைத்தியரிடம் காட்டி நித்திரைச் சோதனை செய்யவேண்டும். மேல்தாடைக் கார்ட் சிலருக்கு மூச்சுத் தடையைக் கூட்டும். ரவி சித்தப்பாவும் குறட்டை விடுகிறவர் என்றால் வியாழனன்று வைத்தியரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

கீர்த்தி: விடுகிறார். சாட்சி நான்.

ரவி: அடுத்த திவசத்துக்கு நான் வரவில்லை.

கனகா மாமி: வாய்க்குள் போடுகிற சாமான். கொக்குவிலுக்குக் கொண்டு வந்தால் நான் கொதிதண்ணியில் அவித்துத் தருகிறேன்.

தர்ஷினி: ஐயோ ஆச்சி வேண்டாம்!! வளைந்துவிடும். பச்சைத் தண்ணியும் மெல்லிய பிரஷும் போதும். பற்பசை போட்டுத் தேய்த்தாலும் கீறல் விழும். காற்றுப் போகிற டப்பாவில் வைக்கவேண்டும், கடதாசியில் சுற்றி வைத்தால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள். கொக்குவில் வீட்டு நாய்க்கும் எட்டக் கூடாது. நாய்களுக்கு அந்த வாசம் பிடிக்கும்.

சிவா: அப்பாவின் பல் செட்டைத் தண்ணியோடு சேர்த்து முற்றத்தில் ஊற்றியது யார் என்று ஞாபகம் இருக்கிறதா?

மோகன்: 😂😂

கனகா மாமி: இருட்டு. லாம்பும் இல்லை. டம்ளரில் பல் இருக்கும் என்று நான் கண்டேனா?

சுகந்தி: அப்படியென்றால் வான் எத்தனை மணிக்கு?

சிவா: வெள்ளி விடிய 4 மணி வைத்தால்?

வதனி: ஐயர் சனி விடிய 7 மணிக்கு வருகிறார். வெள்ளி பகல் போய்ச் சேர்ந்து எப்போது சமைப்பது?

மாலா: வியாழன் 10.30?

ரவி: நான் வைத்தியரிடம் 7 மணிக்குக் கேட்டுப் பார்க்கிறேன். முடியாவிட்டால் நீங்கள் போங்கள், நாங்கள் பஸ்ஸில் வருகிறோம்.

கனகா மாமி: பஸ்ஸில் வருவதா? அக்காவின் மகன் பஸ்ஸில் வந்தால் ஊர் என்ன சொல்லும்?

கீர்த்தி: அப்போ வானில் ரவி சித்தப்பா பின்சீட்

சிவா: வான்காரனுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு மத்தியானத்துக்குள் முடிவு சொல்லுங்கள்.

மாலா: 10.30 என்றே சொல்லிவிடவா?

வதனி: பொறு, இவரிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.

கனகா மாமி: வாழையிலை எத்தனை சொன்னீர்கள்? 40 காணாது.