மரபைப் போற்றும் தமிழ் மகளிர் இதழ்கள்: பரிந்துரை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் வசிக்கும் எங்கள் குடும்பத்தில் மாமியார், நான், கல்லூரியில் படிக்கும் மகள் என மூவரும் சேர்ந்து வாசிக்கும்படி, மார்கழிக் கோலம், ஆடிப்பெருக்கு, நவராத்திரிக் கொலு, வரலட்சுமி நோன்பு ஆகியவற்றின் முறைகளைக் காரணத்துடன் விளக்குவதோடு, இல்லறத்தையும் தாய்மையையும் மதிப்புடன் பேசும் தமிழ் மகளிர் இதழ்களைத் தேடுகிறேன். மரபு என்று நான் சொல்வது பெண்ணை முடக்கி வைப்பதை அன்று, வை.மு. கோதைநாயகி அம்மாள் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திக்கொண்டே விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், அத்தகைய பெண்மையே என் மகளுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

‘மங்கையர் மலர்’ இணையத்துக்கு மாறிவிட்டது. மாமியாரால் கைப்பேசியில் வாசிக்க இயலாது என்பதால் அச்சு இதழாக இருந்தால் மிகவும் நல்லது. மகளுக்கு யூடியூப் அலைவரிசைகளும் பயன்படும். மும்பைக்குத் தபாலில் சந்தா அனுப்பும் இதழ்களையும், பழைய மகளிர் இதழ்களின் தொகுப்புகள் கிடைக்கும் இடங்களையும் அறிந்தவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.