ஐன்ஸ்டைன் ‘பாலிடெக்னிக்’கில் படித்தார் என்று எழுதலாமா?

நூல்நெய்பவர்:
பள்ளி மாணவர்களுக்காக அறிவியலாளர் வரலாறு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஐன்ஸ்டைன் 1896 முதல் 1900 வரை சூரிச் நகரில் படித்த நிறுவனத்தின் பெயரிலேயே ‘பாலிடெக்னிக்’ என்ற சொல் இருப்பதால், முதல் வரைவில் அதை அப்படியே எழுதியிருந்தேன். வரைவைப் படித்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அப்படியென்றால் அவர் பத்தாவது முடித்துவிட்டு டிப்ளமோவுக்குப் போனவரா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு என்பதைத் தவிர இந்தச் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் வேறு பொருள் வழங்கவில்லை. எனவே ‘தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்’ என்று மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

தாரமணிக்காரர்:
எனக்கு மறுப்பு இருக்கிறது. ஐன்ஸ்டைன் சேர்ந்தபோது அது பல்கலைக்கழகம் அன்று. முனைவர் பட்டம் வழங்கும் உரிமைகூட அதற்கு இல்லை. அதனால்தான் 1905-இல் அவர் தம் முனைவர் பட்டத்தை அதே ஊரில் இருந்த சூரிச் பல்கலைக்கழகத்தில் பெற்றார். பாலிடெக்னிக் என்ற பெயர் மாறியது 1911-இல். நீங்கள் சொல்வதுபோல் எழுதினால், ஒரே ஊரில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்க, படித்தது ஒன்றில், பட்டம் வாங்கியது மற்றொன்றில் ஏன் என்று அதே மாணவி அடுத்த கேள்வியைக் கேட்பாள். மேலும், 1900-இல் அவர் அங்கிருந்து பெற்றுக்கொண்டு வந்ததும் டிப்ளமோதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பி.இ. முடித்திருந்தும், “முதலில் பாலிடெக்னிக்தானே” என்று ஒருவர் இழுத்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சொல்லை ஒரு மேதையின் வரலாற்றிலிருந்து நீக்கினால்தான் அவர் மதிப்புக் குறையாது என்று நாமே ஒப்புக்கொள்ள வேண்டுமா?

நூல்நெய்பவர்:
உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தச் சொல்லை இழிவாக நான் கருதவில்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது என்பதே என் வாதம். அதே ஐன்ஸ்டைன் சிறுவயதில் முனிச் நகரில் படித்த பள்ளிக்குப் பெயர் ‘கிம்னாசியம்’. ஜெர்மன் மொழியில் அது உயர்நிலைப் பள்ளி என்பதால் அப்படித்தான் எழுதுகிறோம். சொல் ஒன்றே என்பதற்காக உடற்பயிற்சிக் கூடம் என்று யாரும் எழுதுவதில்லை. பாலிடெக்னிக்குக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

சூரிச்சில் அவர் படித்தது கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஆசிரியர்களை உருவாக்கிய நான்காண்டுப் படிப்பு. பிரான்சில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல். பாரிஸில் 1794-இல் தொடங்கி, மறு ஆண்டு ‘எக்கோல் பொலிடெக்னிக்’ என்று பெயர் பெற்ற நிறுவனத்தில் கடும் போட்டித் தேர்வு எழுதித்தான் நுழைய முடியும்; கணித மேதை புவான்காரே அப்படி 1873-இல் நுழைந்தவர். அங்கே கணிதமும் அறிவியலும் கற்ற பிறகே சுரங்கவியல், பாலம், சாலை என்று தனித்துறைப் பள்ளிகளுக்குப் போவார்கள். நம் ஊர் வழக்கில் இதற்கு இணையே இல்லை.

சிங்கைத் தமிழ்:
உங்கள் இருவருக்கும் தமிழ்நாடு மட்டுமே கண்ணில் படுகிறது. சிங்கப்பூரில் ஐந்து பாலிடெக்னிக்குகள் இருக்கின்றன; முதலாவது 1954-இல் தொடங்கியது. இங்கேயும் பள்ளிக்குப் பின் மூன்றாண்டுப் பட்டயம்தான், ஆனால் பொறியியலோடு வணிகம், தாதிமை, ஊடகம் எல்லாம் கற்பிக்கப்படுகின்றன. இங்குள்ள தமிழ்ச் செய்திகளில் ‘பலதுறைத் தொழிற்கல்லூரி’ என்ற சொல் நன்றாகவே புழங்குகிறது. ஆங்கிலச் சொல்லை ஒலிபெயர்ப்பதா, பல்கலைக்கழகம் என்று உயர்த்துவதா என்று மல்லுக்கு நிற்பதைவிட இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம்.

நூல்நெய்பவர்:
செய்திக்கு அது நல்ல சொல்தான். ஆயினும் ‘தொழிற்கல்லூரி’ என்றவுடன் ஐ.டி.ஐ. நினைவுக்கு வரும் வாசகர்களுக்கு நான் எழுதுகிறேன். மாணவியின் குழப்பம் தீராது.

வேர்ச்சொல்:
ஒரு சொல்லாராய்ச்சிக் குறிப்பு. இந்த விவாதத்துக்குத் தொடர்புடையது என்பதால் சொல்கிறேன். கிரேக்கத்தில் ‘பொலி’ என்றால் பல. ‘டெக்னே’ என்றால் கலை, கைத்திறன், தொழில் மூன்றும். நம் பழந்தமிழிலும் கலை என்பது ஓவியமும் பாட்டும் மட்டுமன்று. ஆய கலைகள் அறுபத்து நான்கு என்று எண்ணியவர்கள் இரத்தினச் சோதனையையும் குதிரை ஏற்றத்தையும் அதில் சேர்த்தார்கள். ஆகவே ‘பாலிடெக்னிக்’ என்பதை எழுத்தெண்ணித் தமிழாக்கினால் கிடைப்பது ‘பல்கலை’! அந்தச் சொல்லை நாம் ‘யூனிவர்சிட்டி’க்குக் கொடுத்துவிட்டோம். அதன் இலத்தீன் மூலமோ ஆசிரியர்களும் மாணவர்களும் ஓர் அமைப்பாகக் கூடிய முழுமையைக் குறித்தது. பல கலை என்ற பொருள் அதில் இல்லை. ஏதென்ஸ் நகரின் பாலிடெக்னிக்கில் ஓவியமும் சிற்பமும் பொறியியலோடு ஒரே கூரையின்கீழ் நெடுங்காலம் கற்பிக்கப்பட்டன என்பதும் இதற்குப் பொருத்தமான சான்று. எனவே சொற்பொருளில் நின்றால், பாலிடெக்னிக்கைத் தாழ்ந்தது என்று சொல்வதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

தாரமணிக்காரர்:
இது எனக்குப் புதிய செய்தி, நன்றி. ஆனால் சொல்லின் மதிப்பை வேர்ச்சொல் தீர்மானிப்பதில்லை, ஊர்தான் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் 1960-களின் இறுதியிலிருந்து உருவான பாலிடெக்னிக்குகளில் முழுப் பட்டப்படிப்பே நடந்தது. ஆனால் பட்டத்தை அவை தம் பெயரில் தர முடியாது, தேசிய மன்றம் ஒன்றுதான் தரும். 1992-இல் சட்டம் மாறியதும் அவை பல்கலைக்கழகங்களாகி, பழைய பெயரைக் கைவிட்டன. ஹாங்காங்கிலோ 1994-இல் பல்கலைக்கழகமான பிறகும் ‘பாலிடெக்னிக்’கைப் பெயரில் வைத்துக்கொண்டார்கள். மிலான் நகரில் 1863-இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலும் இன்றும் அந்தச் சொல் இருக்கிறது. மாற்றியவர்களும் உண்டு, மாற்றாதவர்களும் உண்டு என்னும்போது, மொழிபெயர்ப்பாளர் ஏன் முந்திக்கொண்டு மாற்ற வேண்டும்?

நூல்நெய்பவர்:
பல்கலைக்கழகம் என்று எழுதுவது காலப்பிழை என்ற உங்கள் முதல் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை, அதை ஏற்கிறேன். கிம்னாசியம் பற்றிய என் வாதத்தை மட்டும் விடமாட்டேன், விளக்கம் கட்டாயம் வேண்டும். வாக்கியத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்: “1896-இல் ஐன்ஸ்டைன் சூரிச் நகரின் பாலிடெக்னிக்கில், கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கான நான்காண்டுப் படிப்பில் சேர்ந்தார்.” அடிக்குறிப்பாக, “இது நம் ஊர்ப் பாலிடெக்னிக் போன்றது அன்று, பள்ளிப் படிப்பை முழுதும் முடித்தவர்கள் சேரும் உயர்கல்வி நிறுவனம்” என்று வரும்.

தாரமணிக்காரர்:
வாக்கியம் சரியாக இருக்கிறது. அடிக்குறிப்பில் ‘போன்றது அன்று’ என்பதை எடுத்துவிட்டு, “தமிழ்நாட்டில் இந்தப் பெயர் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய பட்டயக் கல்லூரியைக் குறிக்கும், சுவிட்சர்லாந்தில் பள்ளி முடித்தோர் சேரும் உயர்கல்வி நிறுவனத்தைக் குறித்தது” என்று இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். உங்கள் நூலைப் படிக்கும் பிள்ளைகளில் சிலர் அடுத்த ஆண்டு பாலிடெக்னிக்கில்தான் சேரப் போகிறார்கள்.

நூல்நெய்பவர்:
அப்படியே மாற்றிவிட்டேன். ‘டிப்ளமோ’வுக்குப் ‘பட்டயம்’ என்று போடுவதா என்பது இன்னும் மிச்சமிருக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.