சோலையைச் சுற்றியுள்ள சீகை மரங்களை வெட்டலாமா?

கோத்தகிரிக்காரன்: எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேல் சிறு சோலைக்காடு ஒன்று இருக்கிறது. நீலகிரி சோலைக்கிளி என்ற சிறு பறவை அங்கே கூடு கட்டுகிறது. சுற்றிலும் எங்கள் நிலத்தில் சீகை (வாட்டில் என்னும் வெளிநாட்டு மரம்) மண்டிக்கிடக்கிறது. மொத்தமாக வெட்டிவிட்டுச் சோலை நாற்று நடலாம் என்று அப்பா சொல்கிறார். சரியா?

மஞ்சூர் வாசகி: தயவுசெய்து ஒரேயடியாக வெட்டாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே இந்தப் பறவை கிடையாது. அங்கே வாழ்பவை இதன் உறவினங்கள். 2017-இல்தான் இவற்றுக்கெனத் தனிப் பேரினமே வகுத்தார்கள். வெயில் படாத ஈரத் தரையில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும் பறவை இது. விளிம்பு திறந்துகொண்டால் சோலையின் தரை காய்ந்துபோகும். முதலில் சீகையடியில் குனிந்து பாருங்கள். முதிர்ந்த சீகைத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே முளைப்பதுண்டு. இருந்தால் அவற்றை மிதிபடாமல் காத்து, மேலுள்ள சீகையைச் சிறிது சிறிதாகக் கழியுங்கள். செங்குத்தான மண்கரைகளையும் பொந்துள்ள பழைய மரங்களையும் தொடவே வேண்டாம், அவைதான் கூடு கட்டும் இடங்கள்.

புல்மலை: சீகை நிற்கும் அந்த மலைச்சரிவு முன்பு புல்வெளியாக இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்படியானால் அங்கே எந்த நாற்றும் வேண்டாம். நீலகிரி நெட்டைக்காலி என்ற பறவைக்குத் திறந்த புல்தான் வீடு. மரம் நட்டே எத்தனை புல்வெளிகளை இழந்திருக்கிறோம்!

கோத்தகிரிக்காரன்: மேல்பாதி புல்லாக இருந்ததாகப் பாட்டி சொல்கிறார். அங்கே நாற்று நட மாட்டோம்.

மஞ்சூர் வாசகி: நல்லது தம்பி. சொந்த நிலமானாலும் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 உண்டு. வெட்டுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.